தாழ்ப்பாளைப் போட்டது யார்? – வாசகர் கேள்வி பதில்

துப்பறியும் கதைகள், அதிலும் பூட்டிய அறைக் கொலைகள் பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். எந்தக் கதையிலும் குற்றவாளி யார் என்று போட்டு உடைக்கவில்லை. பாம்பு பற்றிய பதில் மட்டும் விதிவிலக்கு. அந்தக் கதையை இன்னும் வாசிக்காதவர்கள் அதைத் தாண்டிப் போய்விடலாம்.

அண்ணாச்சி, பூட்டுன அறைக்குள்ள கொலைன்னாலே நூலு, காந்தம், ரகசிய வழின்னு எல்லாத்தையும் எழுதித் தீர்த்துட்டாங்களே. புதுசா எழுத இன்னும் இடம் இருக்கா?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

தீர்ந்துபோனது நூலும் காந்தமும்தான். ஜான் டிக்சன் கார் 1935-ல் எழுதிய ‘தி ஹாலோ மேன்’ நாவலின் 17-ஆம் அத்தியாயத்தில், டாக்டர் கிடியன் ஃபெல் கதையை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு இதைப் பாடமாகவே நடத்துகிறார். நாம் ஒரு துப்பறியும் கதைக்குள் இருக்கிறோம், இல்லை என்று நடிப்பானேன் என்று கூசாமல் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். கொலையாளி உள்ளேயே இல்லாத அறைக்கு ஏழு வழி, கதவில் கைவைத்து ஏமாற்றுவதற்கு ஐந்து வழி என்பது அவர் போட்ட பட்டியல்.

எழுத உட்காருகிறவருக்கு அதைவிடச் சுலபமான கணக்கு ஒன்று உண்டு. கொலை எப்போது நடந்தது? கதவு அடைபடும் முன்பா, அடைந்திருக்கும்போதா, உடைத்துத் திறந்த பிறகா? நாலாவது வேளை கிடையாது.

முதல் வேளைக்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1898 செப்டம்பரில் ஜெனீவாவில் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தை ஒருவன் கூராக்கிய அரத்தால் நெஞ்சில் குத்தினான். காயம் மெல்லிய துளை. மேலே இறுக்கிக் கட்டிய உள்ளாடை வேறு. யாரோ இடித்துத் தள்ளிவிட்டான் என்று எழுந்து நடந்துபோய்ப் படகில் ஏறினார். அதன் பிறகுதான் சரிந்தார். இதே காயத்தோடு ஒருவர் தார்சா என்ற முன்கட்டைக் கடந்து, பட்டாசல் என்ற கூடத்தைக் கடந்து, அறைக்குள் போய்த் தன் கையாலேயே தாழ் போட்டுக்கொண்டால், கொலையாளி அந்த அறையில் காலே வைக்கவில்லை.

இரண்டாவது வேளையில்தான் பொறி, விஷவாயு, சன்னல் வழியாக வரும் அம்பு எல்லாம் வருகின்றன. நூற்றுக்குத் தொண்ணூறு கதைகள் சிக்கிச் சீரழிவது இங்கேதான். எந்திரம் பெரிதாகப் பெரிதாக, அதை அகற்றுவது எப்படி என்ற கேள்வியும் பெரிதாகும்.

எங்கள் ஓட்டு மூன்றாவது வேளைக்கு. கதவு தாழிட்டிருந்தது என்று உங்களுக்குச் சொன்னது யார்? தோளால் இடித்துப் பார்த்து, “உள்ளே தாழ் போட்டிருக்கு” என்று முதலில் கத்தியவர்தானே? அவர் பொய் சொன்னால் அறை பூட்டியே இருந்திருக்காது, கதவு திறந்த பிறகு அவரே முதலில் உள்ளே புகுந்து கொன்றிருக்கலாம். இதைப் பிடிக்கத் துப்பறிபவருக்கு ஒரு திருகாணி போதும். உள்ளே தாழிட்ட கதவை நிஜமாகவே இடித்துத் திறந்தால், தாழ் போய் நுழையும் வளையம் நிலையிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். திருகாணிகள் வளைந்திருக்கும், அவற்றின் புரிகளில் மரநார் சிக்கியிருக்கும், நிலையில் துளையின் வாய் சிதறி, உள்ளே பழுக்காத புது மரம் வெளுப்பாகத் தெரியும். முன்கூட்டியே திருகிக் கழற்றித் தரையில் போட்ட வளையம் என்றால் புரி சுத்தமாக இருக்கும், துளை வட்டம் குலையாமல் இருக்கும், திருகாணித் தலையின் வெட்டில் திருப்புளி பட்ட புதுப் பளபளப்பு இருக்கும். மூன்றாம் அத்தியாயத்தில் “வளையம் தரையில் கிடந்தது, பக்கத்தில் நான்கு திருகாணிகள் நேராக” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோங்கள். வாசகரும் கடந்து போய்விடுவார்.

என் கதை பழைய மச்சு வீட்டில் நடக்கிறது. கொலையாளி வெளியே வந்து, நூலைக் கட்டி இழுத்து, பக்கவாட்டில் தள்ளும் தாழான உள் அல்டிராப்பைப் போட்டுவிடுகிறான். வாசகர்கள் நம்புவார்களா?
– அம்பாசமுத்திரம் வாசகர்

நம்ப வைக்கலாம், ஆனால் கதவை ஒழுங்காகப் பார்த்துவிட்டு எழுதுங்கள். வேலை நடக்கும் விதம் இது: தாழ் நகர வேண்டிய திசையில் நிலையில் ஒரு குண்டூசி. அல்டிராப்பின் கைப்பிடியில் நூலை முடிச்சுப் போடாமல் வெறுமனே மாட்டி, இரண்டு முனைகளையும் குண்டூசியைச் சுற்றி வெளியே விட வேண்டும். சேர்த்து இழுத்தால் தாழ் நகரும். பிறகு ஒரு முனையை விட்டுவிட்டு மற்றதை உருவினால் நூல் வந்துவிடும். குண்டூசிக்குத் தனியாக இன்னொரு நூல்.

இனி சிக்கல்கள். அல்டிராப்பை நாம் போடும்போது கை இரண்டு வேலை செய்கிறது: தள்ளுகிறது, தள்ளியபின் கைப்பிடியைக் கீழே மடக்குகிறது. நூல் தள்ளும் வேலையை மட்டும் செய்யும். தாழ் உள்ளே போயிருக்கும், கைப்பிடி மடங்காமல் நீட்டிக்கொண்டு நிற்கும். இருபது வருடமாக அந்த வீட்டில் கதவைச் சாத்திய ஆச்சிக்கு இது பார்த்தவுடனே உறுத்தும், இன்ஸ்பெக்டருக்கு உறுத்தாது. துப்பு ஆச்சியிடம் இருக்கட்டும்.

அடுத்தது நூல் வெளியே வரும் வழி. நீங்கள் சொல்லும் வீட்டில் கதவுக்கு அடியில் சந்து இருக்காது. கீழே நிலைப்படி மேடாக இருக்கும். இரட்டைக் கதவின் நடுச்சந்துதான் ஒரே வழி. அங்கேயும் ஒரு கதவின் விளிம்புச் சட்டம் மற்றதன்மேல் ஏறி மறைக்கும், ஆக நூல் இரண்டு முறை மடங்கித்தான் வெளிவரும். தையல் நூல் அறுந்துபோகும். உவரி, கூத்தங்குழிப் பக்கம் கிடைக்கும் தூண்டில் நரம்பு தாங்கும். ஆனால் இழுவிசையில் அது பெயின்டை அறுத்து, சட்டத்தின் விளிம்பில் மயிரிழைக் கோடு ஒன்றை விட்டுவிடும். துருப்பிடித்த தாழ் என்றால் எதுவும் நடக்காது. முன்தினம் யாரோ தாழுக்கு எண்ணெய் விட்டிருக்க வேண்டும், அந்த எண்ணெய் வாடையும் ஒரு துப்பு.

கீலைக் கழற்றி உள்ளே போனான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நம் அறைக் கதவுகள் உள்பக்கம் திறப்பவை. கீலின் குழலும் ஆணியும் அதே உள்பக்கம்தான் இருக்கும். வெளியே நிற்பவனுக்கு அவை எட்டாது.

ஐஸ் கட்டி உருகித் தாழ்ப்பாள் விழுவது சாத்தியமா?
– தென்காசி வாசகி

கீழ்த் தாழ்ப்பாளில் மட்டும் சாத்தியம். மேல் தாழ்ப்பாள் ஏற வேண்டியது, அல்டிராப் பக்கவாட்டில் போக வேண்டியது. இரண்டும் தானாக விழாது. கீழ்த் தாழ் தன் எடையிலேயே தரைக்குழிக்குள் இறங்கும்.

குழி ஒன்றரை சென்டிமீட்டர் அகலம், மூன்று சென்டிமீட்டர் ஆழம் என்று வையுங்கள். அதை நிரப்ப ஐந்து கிராம் ஐஸ் போதும். ஐஸ் தரைமட்டத்துக்கு நிற்கும். தாழை அவிழ்த்து, நுனி தரையை உரசியபடியே கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினால் நுனி ஐஸ் மேல் வந்து உட்காரும். சுற்றிலும் தரையின் சூடு என்பதால் சில நிமிடங்களிலேயே உருகித் தாழ் இறங்கிவிடும். கொலையாளிக்கு அரைமணி நேர அவகாசம் கொடுத்துக் கதை பின்னியிருந்தால் அடித்துத் திருத்துங்கள்.

மிஞ்சுவது ஒரு டீஸ்பூன் தண்ணீர், அதுவும் குழிக்குள்ளேயே. வருடக்கணக்கில் தூசி சேர்ந்த குழியில் ஒரே இரவில் சேறு எப்படி வந்தது? இன்னொன்று, நுனி உரசிய இடத்தில் சிவப்பு சிமென்ட் தரையில் கால்வட்டமாக ஒரு கீறல் இருக்கும். உங்கள் ஊர்ச் சாரல் மாதங்களில் மரக்கதவு ஊதிப்போய், தாழும் குழியும் நேராகவே அமையாது. அந்தக் கொலையைப் பங்குனிக்குத் தள்ளி வையுங்கள்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் பாம்பு மணிக்கயிற்றில் இறங்கி வருமே, அது நடக்கக்கூடியதா?
– களக்காடு வாசகர்

1892-ல் வந்த ‘தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்’. அறையின் அமைப்பு அருமை: எந்த மணியோடும் சேராத மணிக்கயிறு, வெளியே திறக்காமல் பக்கத்து அறைக்குத் திறக்கும் காற்றுத் துவாரம், நகர்த்த முடியாதபடி தரையோடு பிணைத்த கட்டில். மூன்றையும் ஹோம்ஸ் பார்க்கும்போதே நாமும் பார்க்கிறோம். இந்த நேர்மைக்காகவே கதை நிற்கிறது.

விலங்கியல்தான் தடுமாறுகிறது. கதையில் வருவதுபோல் பாம்புக்குப் பால் உணவு இல்லை. விசில் கேட்டுத் திரும்பி வர அதற்கு வெளிக்காது கிடையாது. தரையதிர்வையும் காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளையும்தான் உணரும். தொங்கும் கயிற்றில் இறங்குவது சரி, ஏறித் திரும்புவது கடினம்.

நம் பக்கம் இதை எழுதுவதானால் கயிறே வேண்டாம், வீட்டுக் கழிவுநீர் வெளியேறும் அங்கணக்குழி இருக்கிறது. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிப்பது. பல சமயம் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, பல் தடம் தெரியாமலே போகலாம். பிறகு இமை தொங்கி, மூச்சுத் தசைகள் செயலிழக்கும். பூட்டிய அறை, காயமில்லாத உடல். ஆனால் பாம்பை நம்பித் திட்டம் போடுகிற கொலையாளி முட்டாள். அது கடிக்காமலே போகலாம், அவனையே கடிக்கலாம். விபத்தைக் கொலை என்று ஊர் சந்தேகிக்கும் கதைக்குத்தான் பாம்பு பொருந்தும்.

இறந்த நேரத்தை டாக்டர் “இரவு 10 முதல் 10.30-க்குள்” என்று சொல்வதாக எழுதியிருக்கிறேன். சரியா?
– வள்ளியூர் வாசகர்

தப்பு. எந்த டாக்டரும் அரைமணி நேரத் துல்லியம் தரமாட்டார், நம் வெயிலில் சத்தியமாகத் தரமாட்டார். இங்கிலீஷ் நாவல்களில் வரும் “மணிக்கு ஒன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் குறையும்” என்ற கணக்கு குளிர்ந்த அறைக்கானது. உடல் சூடு 37 டிகிரி செல்சியஸ். சித்திரை மாதம் நம் அறைக்குள் பகலில் ஏறக்குறைய அதே சூடுதான். உடல் எங்கே ஆறும்?

ஆகவே டாக்டர் மற்ற அடையாளங்களைப் பார்ப்பார். விறைப்பு நம் பக்கம் ஓரிரு மணி நேரத்தில் இமையிலும் தாடையிலும் தொடங்கி, சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவும்; கோடையில் 18 முதல் 36 மணிக்குள் தளர்ந்துவிடும். ரத்தம் கீழ்ப்பக்கம் தேங்கி ஏற்படும் நீலத்திட்டு ஆறு முதல் பன்னிரண்டு மணிக்குள் நிலைத்துவிடும். அதன்பின் உடலைப் புரட்டினாலும் திட்டு இடம் மாறாது. மல்லாந்து கிடப்பவரின் நெஞ்சில் திட்டு இருந்தால், யாரோ புரட்டியிருக்கிறார்கள். கோடையில் 12 முதல் 18 மணி நேரத்தில் அடிவயிற்றின் வலப்பக்கம் பச்சை படரும்.

இந்தக் கணக்கைக் குழப்ப நினைக்கிற கொலையாளிக்கு ஏசி இருக்கிறது. குளிர்ந்த அறையில் இவை எல்லாமே தாமதமாகும். விடியுமுன் அணைத்துச் சன்னலைத் திறந்துவிட்டால் அறையில் தடயம் இல்லை. ஆனால் ஒன்றரை டன் ஏசி இரவு முழுக்க ஓடினால் பத்துப் பதினைந்து யூனிட் ஏறும். முந்தின நாள்தான் ரீடிங் எடுத்துப் போனார்கள் என்றால் அட்டையில் இருக்கும் எண்ணும் மீட்டரில் ஓடும் எண்ணும் பேசிக்கொள்ளும்.

ரகசியச் சுரங்கம், இரட்டைச் சகோதரர் வைக்கலாமா?
– பாபநாசம் வாசகர்

ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-ல் வெளியிட்ட பத்துக் கட்டளைகளின்படி ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது. இரட்டையர் வரலாம், ஆனால் வாசகரை முன்பே தயார்ப்படுத்தியிருக்க வேண்டும். எங்கள் கட்டளை: சுரங்கம் வேண்டவே வேண்டாம்.

தமிழில் துப்பறியும் கதை எப்போது தொடங்கியது? பூட்டிய அறைக் கதைகள் ஏன் குறைவு?
– ஆசிரியை, சங்கரன்கோவில்

பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ 1894-ல் வந்தது. பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், துப்பறியும் கோவிந்தனைப் படைத்த ஜே.ஆர்.ரங்கராஜு. தேவனின் சாம்பு அசட்டுத்தனத்தாலேயே ஜெயிப்பவர். தமிழ்வாணனுக்கு சங்கர்லால், சுஜாதாவுக்கு கணேஷும் வசந்தும். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா காலத்தில் பாக்கெட் நாவல் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கயிற்றில் தொங்கியது.

இரண்டாவது கேள்விக்கு எங்கள் அபிப்பிராயம்: வாரத் தொடர்தான் காரணம். தொடருக்கு வாரம் ஒரு திடுக்கிடல் வேண்டும், துரத்தல் வேண்டும். பூட்டிய அறைக்கோ, முதல் வாரம் சொன்ன தாழ்ப்பாள் பதினெட்டாம் வாரம்வரை வாசகர் மனசில் நிற்க வேண்டும். பழைய இதழ் கடையில் பொட்டலமாகப் போயிருக்கும் காலத்தில் அது நடக்காது. மாத நாவலில் நடந்திருக்கலாம். அங்கே எழுத்தாளருக்கு அவகாசம் இல்லை.

கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் பட்டாசலில் உட்காரவைத்து, இன்ஸ்பெக்டர் முன்னால் கொலையாளி ஒப்புக்கொள்கிறான். வக்கீல் நண்பர் சிரிக்கிறார். ஏன்?
– கல்லிடைக்குறிச்சி வாசகர்

அவர் சிரிப்பது சரிதான். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் நிரூபணமாக வைக்க முடியாது. முன்பு சாட்சியச் சட்டம் 25-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 23-ஆவது பிரிவு. அவன் சொன்னதை வைத்துப் பொருள் ஏதாவது கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். ஆகவே உங்கள் கொலையாளி அழுது தீர்ப்பதைவிட, “அரிவாளைப் புறவாசல் கிணத்துல போட்டேன்” என்று சொல்வதும், சாட்சிகள் முன்னிலையில் கிணற்றிலிருந்து அது வெளிவருவதும்தான் கதைக்குப் பலம்.

முழு ஒப்புதலே வேண்டுமானால் மாஜிஸ்திரேட் முன்னால் போக வேண்டும். அங்கே அவர் “இப்படிச் சொல்ல உனக்குக் கட்டாயமில்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும்” என்று எச்சரித்த பிறகே எழுதுவார். நம் ஊர் வழக்குகளில் அடிக்கடி வரும் இன்னொரு ஏற்பாடு, வி.ஏ.ஓ.விடம் போய் ஒப்புக்கொள்வது. அவர் எழுதி வாங்கி ஸ்டேஷனில் ஒப்படைப்பார். இது செல்லும், ஆனால் பலவீனமான சாட்சியமாகவே கோர்ட் பார்க்கும். முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம் ஒருவன் எதற்காகப் போய்க் கொட்ட வேண்டும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அந்தக் குறுக்கு விசாரணையை வைத்தே ஒரு நல்ல அத்தியாயம் எழுதலாம்.

பிரிவு எண்களில் ஒரு கவனம்: கதையில் கொலை 2024 ஜூலைக்கு முன் நடந்தால் பழைய 302, பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 103. குற்றம் நடந்த தேதிதான் கணக்கு, பிடிபட்ட தேதி இல்லை.

சிசிடிவியும் செல்போனும் வந்தபின் இந்த வகைக் கதை செத்துவிட்டதா?
– திசையன்விளை வாசகர்

பூட்டிய அறைக்குப் புதுத் தாழ்ப்பாள் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். கேமரா பார்க்கும் வராந்தாவில் யாரும் நடக்கவில்லை என்றால் அதுவே பூட்டிய கதவு. அதை உடைக்க ஹேக்கர் வேண்டாம். கேமராப் படத்தைப் பதியும் பெட்டியான டிவிஆர் இணையத்தில் சேராதது என்றால் அதன் கடிகாரம் சில நிமிடம் முன்பின்னாக ஓடுவது சகஜம். திரையில் தெரியும் மணியை அப்படியே நம்பித்தான் எல்லோருடைய அலிபியும், அதாவது அந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்ததற்கான சான்றும், நிற்கும். இன்வெர்ட்டரில் சேர்க்காத டிவிஆர் என்றால் மின்தடை நேரத்தில் பதிவு கிடையாது. ஹார்ட் டிஸ்க் நிரம்பினால் பழைய பதிவின் மேலேயே எழுதும். ஒத்திகை பார்க்க வந்த நாள் அதனால் அழிந்துபோயிருக்கும்.

செல்போன் டவர் உங்கள் பக்கத் தேரிக்காட்டில் காட்டுவது கிலோமீட்டர் கணக்கில் விரிந்த வட்டாரத்தை. வீட்டை அல்ல. போனை வீட்டிலேயே விட்டுப் போகிற கொலையாளி புத்திசாலி என்று நினைக்காதீர்கள். தினம் நள்ளிரவுவரை ரீல்ஸ் பார்க்கிறவனின் போன் அன்று மட்டும் எட்டு மணியிலிருந்து தூங்கியது ஏன்?

ஜப்பானியர்கள் இந்த வகையில் கில்லாடிகள் என்கிறார்களே, எதிலிருந்து தொடங்க?
– வீரவநல்லூர் வாசகி

செய்ஷி யோகோமிசோவின் ‘தி ஹோன்ஜின் மர்டர்ஸ்’. 1946-ல் தொடராக வந்தது. பழைய குடும்பம், திருமண இரவு, வெளியே காலடித் தடமில்லாத பனி. மேல்நாட்டுக் கற்சுவருக்கு யோசித்த வித்தையை மரமும் காகிதமுமான வீட்டுக்கு எப்படிப் பொருத்துவது என்று அவர் யோசித்திருக்கிறார். நம் மச்சு வீட்டுக்கு எழுத நினைப்பவருக்கு இதுதான் பாடம். பிறகு சோஜி ஷிமதாவின் ‘தி டோக்கியோ சோடியாக் மர்டர்ஸ்’, 1981. அதன் முதல் நாற்பது பக்கம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக யுகிதோ அயாட்சுஜியின் ‘தி டெககன் ஹவுஸ் மர்டர்ஸ்’, 1987. மூன்றும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன.

கதையோடு வீட்டின் வரைபடம் போடலாமா? போட்டால் எதையெல்லாம் காட்ட வேண்டும்?
– சேரன்மகாதேவி வாசகர்

போடுங்கள், முதல் மூன்று அத்தியாயங்களுக்குள். பிணம், கட்டில், விளக்கு சுவிட்ச், சன்னல்கள், தட்டட்டிக்கு (மொட்டை மாடிக்கு) போகும் படி, அங்கணக்குழி, வடக்கு எது. ஒவ்வொரு கதவும் எந்தப் பக்கம் திறக்கும் என்பதற்குக் கால்வட்டக் கோடு கட்டாயம். வித்தைக்குத் தேவையான பொருளை மட்டும் வரைந்தால் வாசகர் அதிலேயே கை வைத்துவிடுவார். அதனால் தேவையில்லாத நாலு பொருளையும் அதே அளவில் வரையுங்கள். தாழ்ப்பாள் எந்தக் கதவில், மேலா கீழா என்பதைப் படத்தில் போட வேண்டாம், வாசகத்தில் ஒரு முறை சொன்னால் போதும். அடிக்கணக்கு தப்பாமல் இருக்கட்டும். எட்டடி அறையில் பத்தடிக் கம்பை நீட்டிக் கொலை செய்த கையெழுத்துப் பிரதிகளும் வருகின்றன.